தெரியாதுங்க சார்

மேல அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
16.8.2024

அன்புள்ள சீலனுக்கு,

திங்கட்கிழமை காலையில் பெயிண்ட் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். சாயங்காலம் வரவில்லை. முகாமில் உங்கள் அம்மா வீட்டில் இருப்பதாக அத்தையே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. மறந்து வைத்துவிட்டீர்கள் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் சார்ஜரும் சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அத்தைக்கு போன் செய்தால், "அவன் வேலைக்குப் போட்டான் பிள்ளை, வந்தாப் பிறகு சொல்லுறன்" என்கிறார்கள். சுதந்திர தினத்துக்கு முகாமில் ஆள் கணக்கு எடுப்பார்கள், அதற்காகப் போயிருக்கிறார் என்று கீழ் வீட்டில் சொல்லி வைத்தேன். சுதந்திர தினமும் நேற்று முடிந்துவிட்டது. நேரில் வரலாம். அத்தையை வைத்துக்கொண்டு இதைப் பேச எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் புருஷனுக்குத் தபால் தலை ஒட்டுவேன் என்று நினைத்ததே இல்லை.

நீங்கள் கோபமாக இருப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். கன்னியாகுமரி போனதே என் பிடிவாதம். ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்னால் முகாம் அலுவலகத்தில் மாவட்டத்தைத் தாண்ட அனுமதி கொடுக்க மாட்டார்கள், அடுத்த மாதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நீங்கள் சொன்னீர்கள். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆயிற்று, லேபில் என்னோடு வேலை செய்கிற எல்லோரும் எங்கெங்கோ போய் வந்து போட்டோ காட்டுகிறார்கள் என்று நான்தான் முகத்தைத் தூக்கினேன். திருச்சியிலேயே பிறந்து வளர்ந்த முப்பத்திரண்டு வயது மனிதருக்கு லாட்ஜில் காட்ட ஓர் அட்டை இல்லை. இருக்கிற அட்டையில் இலங்கை அகதி என்று போட்டிருக்கிறது. ஆதாருக்கு இரண்டு தடவை போயும், பெயிண்ட் தின்னர் பட்டுத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பூவரசன் அண்ணன் வழி சொன்னான். மண்ணச்சநல்லூர் அரிசி மில்லில் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டே, "என் ஆதார் காப்பிய எடுத்துட்டுப் போங்க மாப்பிள்ளை. லாட்ஜுக்காரன் என்ன உத்துப் பாக்கவா போறான்?" என்றான். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ரயில் டிக்கெட்டையும் அவன் பெயரிலேயே போட்டேன்.

மதுரை தாண்டி டி.டி.இ. வந்து, "வீ. பூவரசன், வீ. விஜயராணி. அண்ணன் தங்கச்சிங்களா?" என்று கேட்டார். இல்லை என்றால் இனிஷியல் எப்படி ஒன்றாக இருக்கிறது என்று கேட்பாரோ என்று பயந்து, "ஆமா சார்" என்றேன். அவர் அதோடு போய்விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மா விடவில்லை. "அண்ணனுக்கு எத்தனை புள்ளைங்க?" என்றார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். என் தாலியைப் பார்த்து, "ஒன் வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றார். "அவர் வெளிநாட்டுல இருக்காருங்க" என்றேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாத்தூரில் அவருடைய அக்கா மகள் இருக்கிறாளாம், பி.காம். படித்திருக்கிறாளாம். உங்கள் நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். நேற்று அந்தப் பெண்ணின் போட்டோ உங்கள் போனுக்கு வந்திருக்கிறது. ரோஸ் புடவை கட்டி, பூச்செடி பக்கத்தில் நிற்கிறாள். ஒரு வாரமாக நான் எவ்வளவு கேவலமாக உணர்கிறேன் என்று உங்களுக்குச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

லாட்ஜிலும் அதே கதை. இரண்டு அட்டையிலும் அப்பா பெயர் வீரமலை. கணவன் மனைவி என்றால் ரூம் கொடுத்திருக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரூமைக் காலி செய்யும்போது வரவேற்பறையில் அந்த எஸ்.ஐ. நின்று எல்லோரையும் விசாரித்தாரே, அப்போது மூன்றாவது தடவையாக, "எங்க அண்ணன் சார்" என்றேன். அப்போது அங்கே ஒரு அம்மாவையும் பெண்ணையும் விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகு திருச்சி வரும்வரை நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டின புருஷனை அண்ணன் என்று சொன்னவள் மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஆனால் நான் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அதையும் நீங்கள் எழுதுங்கள்.

ராணி

*

மறுவாழ்வு முகாம்,
திருச்சி.
20.8.2024

அன்பு ராணிக்கு,

உன் கடிதத்தை அம்மா வாங்கி வைத்திருந்தார். பிரிக்காமல் ஒரு நாள் வைத்திருந்துதான் படித்தேன்.

நீ அண்ணன் என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இருந்தால் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ரயிலில் பூவரசனாக இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. டி.டி.இ. பெயரைக் கேட்டதும் "நான்தான் சார்" என்று சட்டென்று சொன்னேன், கவனித்தாயா? என் சொந்தப் பெயரை ஓர் அதிகாரியிடம் அப்படி நான் சொன்னதே இல்லை. மில் எங்கே, எத்தனை மூட்டை அரைப்பீர்கள் என்று எதிர் சீட் அம்மா கேட்டபோது உன் அண்ணனைப் போலவே காலை நீட்டிக்கொண்டு பதில் சொன்னேன். நீ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது சிரிப்பை மறைக்க.

இப்போது மற்றது. சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தலைவலி என்று சொல்லி ரூமிலேயே படுத்துக்கொண்டேன். தலைவலி இல்லை. மாடியில் நின்று பார்த்தபோது, மறுநாள் போலீஸ் அழைத்துப் போன அந்த அம்மாவும் பெண்ணும் பையோடு லாட்ஜுக்குள் வந்தார்கள். நான் வெளியே வந்தால் அந்த அம்மா, "சீலன், நீ எங்க இஞ்ச?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டுவிடுவார் என்று பயந்தேன்.

அந்த அம்மாவின் பெயர் சிவமலர். முகாமில் அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அந்தப் பெண் நிலானி, அவருடைய மகள்.

உனக்கு அவர்களைத் தெரியாது. நம் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் முடிந்தது. முகாமிலிருந்து அம்மா மட்டும் வந்தார். நீ இங்கே வந்த மூன்று தடவையும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து நேராகத் திரும்பினாய். சிவமலர் அக்கா அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார், பகலில் இருக்க மாட்டார். நான் எட்டாவது படிக்கும்போது அம்மா டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இருபத்திரண்டு நாள் எனக்குச் சோறு போட்டது சிவமலர் அக்கா. நிலானி பிறந்தபோது அவளுக்கு முதலில் சட்டை வாங்கிக் கொடுத்தவன் நான். என்னை சீலன் மாமா என்பாள்.

ஞாயிறு காலையில் நீ கவுன்ட்டரில் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எஸ்.ஐ. அக்காவை விசாரித்துக்கொண்டிருந்தார். அக்கா லாட்ஜில் தன்னுடைய அகதி அட்டையையே காட்டித் தங்கியிருக்கிறார். ராணி, அவர் உண்மையைக் காட்டினார். அதனால்தான் லாட்ஜ்காரன் போலீசுக்குச் சொல்லியிருக்கிறான். "அனுமதிக் கடிதம் எங்கம்மா?" என்று எஸ்.ஐ. கேட்டார். "எழுதிக் குடுத்தனான் ஐயா. கையெழுத்துப் போடுற ஆள் லீவு. திங்கக்கிழமைதான் நாகர்கோவில் காலேஜில பிள்ளையைச் சேர்க்கக் கடைசி நாள்" என்றார் அக்கா. "கள்ளப் படகுல போக வர்ற எல்லாரும் இப்படித்தான் ஒரு காரணம் வச்சிருக்கீங்க" என்றார் அவர். சத்தம் போடவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்றார்.

"மண்ணச்சநல்லூருங்க சார். திருச்சி பக்கம்."

"இவங்களும் திருச்சின்னுதான் சொல்றாங்க. பாத்திருக்கீங்களா?"

"தெரியாதுங்க சார்" என்றேன்.

அந்த 'ங்க' எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா? வீட்டுக்குள் ஒரு தமிழ், வெளியே ஒரு தமிழ் என்று சின்ன வயதிலிருந்து பழகியது அன்றைக்கு உதவியது. அவர் அக்காவிடமும் கேட்டார்: "இவரத் தெரியுமாம்மா?" அக்கா என் முகத்தைப் பார்த்தார். "இல்லை ஐயா. ஆரெண்டு தெரியேல்ல" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றினார். நிலானி அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் நீ வந்து, "எங்க அண்ணன் சார்" என்றாய்.

அவர்களை அன்று முழுக்க வைத்திருந்து, ராத்திரி பஸ்ஸில் ஒரு போலீஸ்காரரோடு இங்கே திருப்பி அனுப்பினார்கள். திங்கட்கிழமை போய்விட்டது. காலேஜில் இடமும் போய்விட்டது.

நான் சொல்லியிருந்தால் அவர்களை விட்டிருப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. மூன்று பேரையும் சேர்த்துக் கூட்டிப் போயிருப்பார்கள். அது எனக்கும் தெரியும். அதைச் சொல்லிச் சொல்லித்தான் ஒரு வாரம் ஓட்டினேன்.

இங்கே வந்து எட்டு நாள் ஆகிறது. மூன்றாவது வீட்டுக்கு இன்னும் போகவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்க அம்மாவை அனுப்புகிறேன்.

சீலன்

*

ஸ்ரீரங்கம்.
23.8.2024

அன்புள்ள சீலனுக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படிக்க ஆரம்பித்து, பாதியில் மூடி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து முடித்தேன்.

அன்றைக்கே ஏன் என்னிடம் சொல்லவில்லை? பஸ்ஸில் எட்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்று சொன்னதை நினைத்து நான் குறுகிக்கொண்டிருந்தேன், நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். என் தப்பு சின்னதென்று தெரிந்தும் என்னை அதிலேயே விட்டு வைத்தீர்கள்.

சரி, அதை விடுங்கள். இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அந்தப் பெண்ணுக்கு வேறு காலேஜில் இடம் கிடைக்குமா என்று எங்கள் லேப் டாக்டரிடம் கேட்கிறேன். அவருக்கு ஆள் தெரியும். ஆனால் ஒன்று: நீங்கள் எங்கேயும் எதையும் எழுதிக் கொடுக்கப் போகாதீர்கள். உங்கள் கடிதத்தின் கடைசியில் அந்த எண்ணம் இருப்பது மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இன்னொருவர் ஆதாரில் தங்கினது வெளியே வந்தால் உங்கள் மேல் கேஸ் வரும். குடியுரிமைக்கு என்றைக்காவது மனு போடலாம் என்று இருக்கிறோம், அதற்கும் ஆபத்து. அண்ணனிடம் நேற்று பேசினேன். முழுதாகச் சொல்லவில்லை, கொஞ்சம் சொன்னேன். "ராணி, என் பேர மட்டும் இழுத்துடாத. மில் லைசென்ஸ் என் பேர்ல இருக்கு. ரெண்டு புள்ளைங்க இருக்கு" என்றான். அவன் குரலில் அந்தச் சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வாருங்கள். அந்த அக்காவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள். போதும்.

ராணி

*

முகாம், திருச்சி.
27.8.2024

அன்பு ராணிக்கு,

போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்கா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து.

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா சீலன், இரு" என்றார். நான் உட்காரவில்லை. என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கடைசியில் வந்தது இதுதான். "அக்கா, நான் உங்களைத் தெரியாதெண்டு சொன்னனான்" என்றேன். அவருக்குத் தெரியாததைச் சொல்கிற மாதிரி.

"நானும்தான் சொன்னனான்" என்றார் அக்கா. கத்தியை நிறுத்தவில்லை. "நீ தெரியும் எண்டு சொல்லியிருந்தா உன்னையும் கொண்டு போயிருப்பாங்கள். அந்தப் பிள்ளை தனிய நிண்டிருக்கும். ஆர் அது, உன்ர மனுசிதானே? முகத்தைப் பார்க்கவே விளங்கினது. அவள் அண்ணன் எண்டு சொல்லேக்க எனக்குச் சிரிப்பு வந்தது."

அவர் சொன்னது என்னை லேசாக்கவில்லை. திட்டியிருந்தால் லேசாகியிருக்கும். கிளம்பும்போது, "நீ சொல்லாமல் விட்டதை நான் பெரிசா எடுக்கேல்ல, தம்பி. ஆனா என்ர பிள்ளை பார்த்தவள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். நிலானி உள்ளே இருந்தாள். திரைச்சீலைக்குக் கீழே அவள் கால் தெரிந்தது. வெளியே வரவில்லை.

முக்கியமானது வேறு. அக்காவைத் திருப்பி அனுப்பினபோது கூடவே ஒரு தாளும் வந்திருக்கிறது. கடல் வழியாக வெளியேற முயன்றதாகச் சந்தேகம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். மாதா மாதம் வரும் உதவியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். அக்கா வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்கள்: செப்டம்பர் பதிமூன்றாம் தேதி மீதி இடங்களுக்கு இன்னொரு தடவை ஆள் எடுப்பார்களாம், நிலானியின் மார்க்குக்கு இடம் உண்டாம். ஆனால் விசாரணை எதுவும் பாக்கி இல்லை என்று முகாம் அலுவலகத்திலிருந்து கடிதம் வேண்டும். அந்தத் தாள் இருக்கும்வரை அந்தக் கடிதம் கிடைக்காது. அவர்கள் காலேஜுக்குத்தான் வந்தார்கள் என்று சொல்ல அங்கே இருந்த ஒருவர் வேண்டும்.

அங்கே இருந்தவன் நான்.

ஆனால் நான் சொன்னால் லாட்ஜ் பதிவேட்டைப் பார்ப்பார்கள். அதில் என் பெயர் இருக்காது. உன் பெயரும் அண்ணன் பெயரும்தான் இருக்கும். அதனால் உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். நீ வேண்டாம் என்றால் எழுத மாட்டேன், வீட்டுக்கும் வந்துவிடுவேன். உன்னை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலைக்குப் போவேன், சாப்பிடுவேன், எல்லாம் நடக்கும். நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

சீலன்

*

ஸ்ரீரங்கம்.
30.8.2024

கடிதம் கிடைத்தது. எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு நான்கு நாள் வேண்டும். அந்த அக்கா சிரிப்பு வந்தது என்று சொன்னதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ராணி

*

ஸ்ரீரங்கம்.
4.9.2024

அன்புள்ள சீலனுக்கு,

நான் உங்களிடம் ஒன்றை மறைத்தேன். முதல் கடிதத்தில் எழுத நினைத்து விட்டுவிட்டேன். இரண்டாவதில் தெரிந்தே விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் தலைவலி என்று படுத்திருந்தபோது நான் குடிதண்ணீர் பிடிக்க வெளியே போனேன், நினைவிருக்கிறதா? திரும்பி வர அரைமணி நேரம் ஆயிற்று. குழாயில் கூட்டம் என்றேன். கூட்டம் இல்லை. நிலானி லாட்ஜ் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து காலேஜ் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கொஞ்சம் எழுதித் தரீங்களா? அடிச்சுத் திருத்தக் கூடாதாம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள். நான் எழுதிக் கொடுத்தேன். லேபில் நாள் முழுக்கப் பெயரும் வயதும் எழுதுகிறவள்தானே. மார்க் எல்லாம் பார்த்து நன்றாகப் படித்திருக்கிறாயே என்றேன். முகவரி என்ற இடம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல, 'மறுவாழ்வு முகாம், திருச்சி' என்று என் கையால் எழுதினேன்.

என் வீட்டுக்காரரும் அங்கேதான் பிறந்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. நாங்கள் அண்ணன் தங்கை என்று தங்கியிருப்பது ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். ரூமுக்கு வந்து உங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோய் உடனே கிளம்பலாம் என்பீர்கள், பயணம் கெட்டுவிடும் என்று நினைத்தேன். ஒரு பயணத்துக்காக.

மறுநாள் காலையில் அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது நிலானி என்னைப் பார்த்தாள். நான் சொல்லுவேன் என்று நினைத்திருப்பாள். 'சார், இந்தப் பொண்ணுக்கு நேத்து நான்தான் ஃபாரம் எழுதிக் கொடுத்தேன், காலேஜுக்குத்தான் வந்திருக்காங்க' என்று ஒரு வரி. என்னிடம் உண்மையான ஆதார் இருந்தது. நான் இந்தியப் பிரஜை. என்னை யாரும் எங்கேயும் அழைத்துப் போயிருக்க மாட்டார்கள். உங்களுக்காவது பயப்படக் காரணம் இருந்தது. நான் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் பக்கத்தில் வந்து அண்ணன் என்றேன்.

நீங்கள் என்னைக் கேட்டு அனுமதிக்காகக் காத்திருந்தீர்கள். நான் உங்களைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு முகாம் அலுவலகத்துக்குப் போனேன். அக்கா வீட்டுக்கோ அத்தையிடமோ வரவில்லை, நேராக அலுவலகத்துக்கு. உள்ளே இருந்த அதிகாரி ஒரு பெண்மணி. நான் எழுதிக் கொண்டுபோன மனுவைப் படித்துவிட்டு, ஆள் விட்டு நிலானியின் விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொல்லி, என் எழுத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்த லாட்ஜ்ல நீங்க யார் கூடத் தங்கியிருந்தீங்க?" என்றார்.

"என் வீட்டுக்காரர் கூட."

"பேரு?"

"தவசீலன். இந்த முகாம்தான் மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெஜிஸ்டர்ல அப்படி இருக்குமா?"

"இருக்காது. எங்க அண்ணன் பேர் இருக்கும். அம்மா வீட்டுல ஃபைல்ல இருந்த அவர் ஆதார் காப்பிய நான்தான் கேக்காம எடுத்துட்டுப் போனேன்."

இது பொய். பொய்யைத் திருத்தப் போன இடத்திலும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அண்ணனிடம் சொன்னதும், "நல்லா இருக்கு. இனிமே எதுக்கும் என்கிட்ட வராத" என்று போனை வைத்துவிட்டான். அண்ணிதான் பிறகு கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

"இத எழுதிக் கொடுத்தா உங்க வீட்டுக்காரர விசாரிக்க வேண்டியிருக்கும், தெரியுதா?" என்று அந்த மேடம் இரண்டு தடவை கேட்டார். தெரியும் என்றேன். எழுதி வாங்கிக்கொண்டார். வெளியே வந்து மரத்தடியில் நின்றேன். உங்கள் வீடு அங்கிருந்து இரண்டு நிமிடம். வரத் தைரியம் இல்லை. உங்களை மாட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது என்று பஸ் ஏறிவிட்டேன்.

உங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

ராணி

*

முகாம், திருச்சி.
15.9.2024

அன்பு ராணிக்கு,

ஐந்தாம் தேதியே கூப்பிட்டார்கள். உன் கடிதம் அதற்கு மறுநாள்தான் வந்தது. அதனால் மேடம் மனுவை என் முன்னால் நீட்டினபோது என்ன என்று புரியாமல், உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். படித்துவிட்டு, "எல்லாம் சரிதானா?" என்றார். சரி என்றேன். ஆதார் காப்பி விஷயத்திலும் சரி என்றுதான் சொன்னேன். அந்தப் பொய்யில் எனக்கும் பாதி இருக்கட்டும்.

நான்கு நாள் நடக்க வைத்தார்கள். போலீசிலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். ஏன் போனாய், யாரைப் பார்க்கப் போனாய், படகுக்காரர் யாராவது தெரியுமா என்று. மனைவியோடு ஊர் பார்க்கப் போனேன் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பக் கொஞ்சம் நேரமாயிற்று. கடைசியில் கேஸ் போடவில்லை. இனி மறு உத்தரவு வரும்வரை திருச்சி மாவட்டத்தைத் தாண்ட மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வாரம் ஒரு நாள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என் கோப்பில் இது இருக்கும். குடியுரிமைக்கு மனு போடுகிற காலம் வந்தால் இதையும் எடுத்துப் படிப்பார்கள். அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

அக்கா மேல் எழுதியிருந்த சந்தேகத்தை எடுத்துவிட்டார்கள். கடிதம் பதினொன்றாம் தேதி சாயங்காலம் கிடைத்தது. இந்தத் தடவை பயண அனுமதியும் கையில் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் தேதி காலையில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். நிலானிக்கு இடம் கிடைத்துவிட்டது. முந்தாநாள் மத்தியானம் அக்கா அம்மாவுக்கு போன் செய்து சொன்னார். அம்மா அழுதுகொண்டே போனை என்னிடம் கொடுத்தார். அக்கா, "உன்ர மனுசியிட்டச் சொல்லு, அவள் எழுதின ஃபாரத்தைத்தான் இஞ்சயும் வாங்கினவை. நல்ல எழுத்தாம்" என்றார்.

அவர்கள் கிளம்பின காலையில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர்களோடு போகவில்லை, பின்னால் வேறு பஸ்ஸில் போனேன். நாகர்கோவில் பஸ் நிற்கிற இடத்தில் இருந்தார்கள். இடம் கிடைத்தால் அப்படியே தங்கிவிட ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பெரிய பை, வாளி, தலையணை. அக்கா டிக்கெட் கேட்கப் போயிருந்தார். நான் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"வேண்டாம் மாமா. நானே தூக்குவன்" என்றாள் நிலானி.

மரியாதையாகத்தான் சொன்னாள். மாமா என்றுதான் சொன்னாள். என் கையை விலக்கிவிட்டுத் தானே தூக்கினாள். பாரமான பெட்டி, படியில் இரண்டு தடவை இடித்தது. கண்டக்டர் மேலே இருந்து வாங்கிக்கொண்டார். நான் வாளியையாவது எடுக்கலாம் என்று குனிந்தேன். அதற்குள் இறங்கி வந்து அதையும் எடுத்துக்கொண்டாள். பஸ் கிளம்பியபோது அக்கா ஜன்னல் வழியாகக் கை காட்டினார். நிலானி முன்னால் இருந்த சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பதினெட்டு வயது. நான் கடைசியில் என்ன செய்தேன், நீ என்ன செய்தாய் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தக் காலையில் நான் எந்தத் தமிழில் பேசினேன் என்பதும் தெரியும். அதை அவள் மறக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். எங்கே போக வேண்டும் என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார். ஸ்ரீரங்கம் என்று சொல்ல வந்து, சொல்லாமல் முகாமுக்குத் திரும்பினேன். உன் முன்னால் வர இன்னும் சில நாள் தேவைப்பட்டது.

வியாழக்கிழமை வடக்கு உத்தர வீதியில் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. ஐந்து மணிக்கு முடிந்துவிடும். கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். சாவி என்னிடம் இருக்கிறது. ஆனால் கதவைத் தட்டுவேன். யார் என்று நீ உள்ளே இருந்து கேள். பெயரைச் சொல்கிறேன். பிறகு திற.

தவசீலன்